எட்டாவது முகம்

ஜூன் 20, வியாழன்

அஸ்திவாரக் குழியில் முழங்கால் அளவு தண்ணீர். ஏரிக்கரைக்குக் கீழே களிமண், அங்கே நினைவுத் தூண் வேண்டாம், பள்ளிக்கூடத்துப் பக்கம் மேட்டில் வைக்கலாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "பஸ்ல போறவன் பாக்கணும் தம்பி" என்றார் சுபேதார் முனிரத்தினம். அதுதான் இவர்களுடைய மண் பரிசோதனை.

சைட் விவரம் குறிக்க வாங்கிய டைரி இது. இனிமேல் திட்டுவதையும் இதிலேயே எழுதப்போகிறேன். பகலெல்லாம் வேலூரில் கான்டிராக்டர் சைட்டில் நின்றுவிட்டு, மாலையில் ஊருக்கு வந்து முன்னாள் படைவீரர் சங்கத்துக் கிழங்களோடு மாரடிக்க வேறு தெம்பு வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு ஒரு பட்டாளத்தான் இருக்கிற ஊர் இந்த நெல்வாய்க்குப்பம். ஒரு மட்டப்பலகையை நேராகப் பிடிக்கத் தெரிந்தவன் ஒருவன் கிடையாது.

மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தோம். மறுபடி ஊறியது. ஊறட்டும். நாளைக்கு இன்னும் இரண்டடி தோண்டி, கருங்கல் ஜல்லி கொட்டி இடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

சங்கக் கட்டடத்தில் கூட்டம். வரைபடத்தை மேஜையில் விரித்தேன். நான்கு பக்கமும் டீ கிளாஸ் வைத்து அமுக்கினார்கள். வரைபடத்தில் மொத்தமே நான்கு சமாச்சாரம். மூன்று படி. அதன்மேல் பீடம். அதன்மேல் ஒன்பதடி எண்கோணத் தூண், உள்ளே கம்பி கட்டிய கான்கிரீட், வெளியே மெருகிட்ட கருப்புக் கிரானைட். உச்சியில் தலைகீழாக நிற்கும் துப்பாக்கி, அதன் கட்டைமேல் ஹெல்மெட். எட்டு முகம், முகத்துக்கு ஒரு பெயர். சண்டையிலும் எல்லையிலும் போனவர்கள் எட்டு பேர். கணக்கு சரியாக வருகிறது.

ஒருவர் சிங்கம் வேண்டும் என்றார். ஒருவர் மேலே கோபுரக் கலசம் மாதிரி ஏதாவது என்றார். இன்னொருவர் படிக்கு வழுவழுப்பான வெள்ளை டைல்ஸ் போடலாம், அவர் வீட்டுப் பாத்ரூமில் போட்டதில் மிச்சம் இருக்கிறதாம்.

"மழையில கால் வச்சா வழுக்கி விழுவாங்க. அப்புறம் ஒன்பதாவது பேரு ஒன்னு வெட்டணும்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சுபேதார் மட்டும், "டீக் ஹை, டைல்ஸ் கேன்சல்" என்றார்.

பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளைக்காரன் பதித்த கல் ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்று எண்ணிக்கை மட்டும். ஒரு பெயர் கிடையாது. மாடு கணக்கு எழுதுவது மாதிரி. சின்ன வயதிலிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும். பெயர் இல்லாத கல்லுக்கு அங்கே என்ன வேலை? இந்தத் தூணில் பெயர் ஒவ்வொன்றும் நான்கு அங்குல உயர எழுத்தில் இருக்கும். ரோட்டிலிருந்து படிக்கலாம்.

ஜூன் 27, வியாழன்

அஸ்திவாரக் கான்கிரீட் போட்டாயிற்று. கலவையில் தண்ணீரை அதிகம் விட்ட கொத்தனாரோடு சண்டை.

ஜூன் 30, ஞாயிறு

எட்டில் ஒன்று எங்கள் வீட்டுப் பெயர். நாயக் ப. கோதண்டம், என் அப்பா. இதை இதுவரை இங்கே எழுதவில்லை. சைட் விவரத்தில் அதற்கு இடமில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. நைனா பொங்கல் லீவு முடிந்து போனார். வடக்கே மலையில் அவர்கள் இருந்த கூடாரத்தின்மேல் பனி சரிந்தது. நான்கு பேரில் மூன்று உடல் கிடைத்தது. நைனா கிடைக்கவில்லை. பட்டாளத்தில் முறைப்படி காத்திருந்து, பிறகு இறந்ததாக அறிவித்து, செய்ய வேண்டியதைச் செய்தார்கள். இருபது வருஷம் ஆகிறது.

அம்மாவிடம் இன்று வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியிலிருந்து ஹெல்மெட் வரை பார்த்தாள்.

"நல்லா இருக்குது. உங்க நைனா பேரு எந்தப் பக்கம்?"

"ஏரியைப் பாத்த பக்கம்."

கண்ணாடியைக் கழற்றினாள். "அந்தப் பேரு வேணாம், தணிகை. ஏழு பேரோட விட்டுடு."

"ஏழு முகத்துக்குத் தூண் வைக்க முடியாதும்மா. கோணம் முழு எண்ணுல வராது."

"எட்டு மொகம் இருக்கட்டும். ஒன்னு சும்மா இருக்கட்டும்."

சமையலறைக்குள் போய்விட்டாள். இத்தனை வருஷமாகத் தாலியோடும் பூவோடும் வளைய வருகிறவள். கல்லில் பெயர் ஏறினால் அந்தக் கதை முடிந்துவிடும், அதனால்தான் வேண்டாம் என்கிறாள். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் புரிவதும் பொறுத்துக்கொள்வதும் ஒன்றில்லை. உண்மை என்பது ஒரு அளவு. யாருக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, டேப்பில் வருவதுதான் வரும்.

ஜூலை 4, வியாழன்

தூணுக்குக் கம்பி கட்டு. வளையங்களுக்கு இடையே தூரம் ஒழுங்காக இல்லை. பிரித்துக் கட்டச் சொன்னேன். பெரியவர் ஒருவர், "அவ்ளோ கம்பி எதுக்கு, இன்னா பாலமா கட்றோம்" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வேலூரிலிருந்து திரும்பும்போது காட்பாடியில் கொஞ்ச நேரம் நின்றேன். டெல்லி வண்டி வரும் நேரம். இறங்குகிறவர்களில் பாதிப் பேர் பட்டாளத்துப் பெட்டியோடு. டீ நன்றாக இருக்கும், அதற்காகத்தான் அங்கே நிற்பது.

ஜூலை 9, செவ்வாய்

அம்மா பரணிலிருந்து நைனாவின் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்திருந்தாள். ஸ்வெட்டர்களை யாருக்காவது கொடுக்கலாம் என்கிறாள். எதற்கு? நல்ல கம்பளி. பூச்சி அரிக்கவில்லை. மறுபடி ஏற்றி வைத்தேன். வீட்டு லேண்ட்லைனை எடுத்துவிடலாம் என்றும் ஒரு பேச்சு. யாரும் அதில் பேசுவதில்லையாம். எல்லாருக்கும் தெரிந்த பழைய நம்பர், இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். எதையாவது தூக்கி எறிந்துகொண்டே இருக்க வேண்டும் இவளுக்கு.

ஜூலை 14, ஞாயிறு

இன்று தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

துப்பாக்கியும் ஹெல்மெட்டும் செய்ய, கோயில்களுக்குச் சுதை வேலை செய்கிற ஆளைச் சங்கத்தார் பிடித்திருந்தார்கள். முனீஸ்வரன் செய்து பழகிய கை. போன வாரம் ஹெல்மெட்டைப் பார்த்தபோதே கல்யாண வீட்டு அண்டா மாதிரி இருந்தது. விளிம்பைச் சீவச் சொல்லிவிட்டு வந்தேன். இன்று போனால் துப்பாக்கி நிமிர்ந்து நிற்கிறது. குழல் மேலே. குழலின் நுனியில் ஹெல்மெட், குச்சியில் மாட்டிய சட்டி.

"தலைகீழா வைக்கச் சொன்னனே?"

"ஆயுதத்தக் கவுத்து வச்சா ஊருக்கு ஆவாதுண்ணா. சூலத்தைக் கவுத்து வைப்பாங்களா? அத்தொட்டு நானே நிமித்திட்டேன்."

"கவுத்து வச்சாத்தான்யா செத்தவனுக்கு மரியாதை. உலகம் பூரா அப்படித்தான்."

"உலகத்துல எப்படியோ. இங்க காத்து கருப்பு கீது."

சுபேதார் என் பக்கம் பேசினார், அதைச் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் பட்டாளத்து இறுதி மரியாதையில் நின்றவர். தோளிலிருந்து கையை இறக்கித் துப்பாக்கியைத் திருப்புகிற மாதிரி வெறும் காற்றில் செய்து காட்டினார். சுதைக்காரர் உடைத்துத் திரும்பச் செய்யப்போகிறார். ஒரு வாரம் போயிற்று.

போகும்போது சுபேதார் என் தோளில் கை வைத்து, "சாயங்காலம் வீட்டுக்கு வா தம்பி, உங்க நைனா விஷயம் பேசணும்" என்றார்.

போனேன்.

"மத்த ஏழு பேருக்கும் கருமாதி ஆயிருக்குது. உங்க நைனாவுக்கு ஆவல. காரியம் பண்ணாத ஆளு பேரை அவங்களோட சேத்து வெட்டினா ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க. தூணுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தப்போறோம், பொம்பளைங்க விழுந்து கும்பிடப் போறாங்க. நீ படிச்சவன், சொன்னா புரியும்."

"அது கட்டடம் சார். கோயில் இல்ல."

"கல்லு நட்டு பேரு வெட்டிட்டா அது இன்னாவா இருந்தா இன்னா. வைக்கோல்ல ஒரு உருவம் செஞ்சு, கொளுத்தி, கரையில ஒரு நாள் காரியம். அவ்ளோதான. உங்கம்மாகிட்ட நீதான் சொல்லணும்."

அந்தக் காரியத்தில் தாலி அறுப்பதும் சேர்த்தி. அதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பத்துப் பதினைந்து எழுத்து வெட்ட ஒரு பொம்பளையை நடுவில் உட்கார வைத்து வளையலை உடைக்க வேண்டுமாம். பெயர் வரும், சடங்கு வராது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. காற்றில் பந்தல் ஷீட் பறந்து பக்கத்து நிலத்தில் விழுந்தது. தூணுக்குக் கான்கிரீட் ஊற்ற அடித்த பலகைப் பெட்டியைப் பிரித்தோம். ஒரு முகத்தில்கூடத் தேன்கூடு மாதிரி ஓட்டை இல்லை. விளிம்பு எட்டும் கத்தி மாதிரி. யாரும் பாராட்டவில்லை.

ஜூலை 22, திங்கள்

கிரானைட் தயாளன் வந்தான். கல் முழுக்க அவன் குவாரியிலிருந்து தருமம். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. தூணை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஏரியைப் பார்த்த முகத்துக்கு முன்னால் நின்றான்.

"இன்னா தணிகை, இந்தப் பக்கம் காலின்னு கேள்விப்பட்டேனே."

"காலி இல்ல. பேர் இருக்கு."

"சங்கத்துல வேற மாதிரி சொல்றாங்க. ஒன்னும் பிரச்சினை இல்ல, சும்மா விட்டா பல்லு விழுந்தாப்ல இருக்கும். 'உபயம், தயாளன் கிரானைட்ஸ்'னு போட்டுடலாம். சின்னதாத்தான்."

"செத்தவங்க பேருக்கு நடுவுலயா?"

"உனக்கு இன்னா கஷ்டம்? கோயில் ட்யூப் லைட்ல பேர் போட்டா சாமி கோவிச்சிக்குதா?"

கையில் தூக்குக்குண்டு இருந்தது. கீழே வைத்துவிட்டுப் பேசினேன். செத்தால்தான் அந்த முகத்தில் இடம், அவசரமென்றால் முதலில் அதற்கு ஏற்பாடு செய்துகொள் என்றேன். சிரித்தான். அந்த மாதிரி ஆட்களுக்குக் கோபமே வராது. நேராகச் சங்கத்துக்குப் போனான்.

சுபேதார் போன் செய்தார். ஆடி அமாவாசை வரைக்கும் பொறுப்பாராம். அதற்குள் காரியம் முடிந்தால் நைனா பெயர். இல்லையென்றால் தயாளன் பெயர். திறப்பு விழா ஆகஸ்ட் பதினைந்து. "எனக்கும் இஷ்டமில்ல தம்பி. எட்டாவது கல்லு மொட்டையா நின்னா விழாவுக்கு வர்றவங்க கேப்பாங்க" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன், சத்தமாகவே. உன்னுடைய பிடிவாதத்தால் கல் உடைக்கிறவன் பெயர் நைனா இடத்துக்கு வரப்போகிறது என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

ஜூலை 25, வியாழன்

கிரானைட் ஒட்டும் வேலை. ஏழு பலகை ஒட்டினோம். எட்டாவதில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, திருப்பி அனுப்பினேன். மாற்றி வந்த பலகையில் ஒரு மூலை நிறம் வெளுத்திருந்தது. அதையும் அனுப்பினேன். கொத்தனார், "அந்த வெடிப்பு எனக்குத் தெரியவே இல்லையே சார்" என்றார். உங்களுக்கு எதுதான் தெரிந்திருக்கிறது என்று கேட்டேன்.

பனி முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து டிகிரி வரை உள்ள சரிவில்தான் அதிகம் சரியும். அதைவிடச் சமமாக இருந்தால் நகராது, செங்குத்தாக இருந்தால் தங்காமல் அவ்வப்போதே உதிர்ந்துவிடும். கூடாரம் போட்டவர்கள் ஒரு கோணமானியை வைத்துப் பார்த்திருக்கலாம். புதைந்தவனுக்குக் கால் மணி நேரத்துக்குக் காற்று இருக்கும். முகத்துக்கு முன்னால் இடைவெளி அமைந்துவிட்டால் அதற்கு மேலும் இருக்கும். இதெல்லாம் பொது அறிவு.

ஜூலை 28, ஞாயிறு

வேலூரில் எழுத்து வெட்டும் இம்தியாஸ் பாய் காலையிலேயே போன் செய்தார். தயாளன் ஆள் வந்து உபயம் வாசகத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறானாம், வெட்டலாமா என்று கேட்டார். தொட்டீர்கள் என்றால் கடைக்கு வந்து கம்ப்ரஸரை உடைப்பேன் என்றேன். "சரி சரி, எனக்கு இன்னா வந்துச்சு, நீங்க சொல்றவரைக்கும் அப்படியே கெடக்கட்டும்" என்றார்.

வீட்டில் அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"சரி. பண்ணிடலாம்."

"என்னத்த?"

"காரியத்தை. வர்ற ஞாயித்துக்கெழமை அமாவாசைதான. உங்க அத்தைக்குச் சொல்லிடு. வைக்கோலு மாமா வீட்ல இருக்கும். நீ மொட்டை அடிச்சிக்கணும்."

அவள் சம்மதத்தைத்தான் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோதுப்படாது. வேலூர் சைட்டில் கூரைக் கான்கிரீட் இருக்கிறது. தவிர இந்தச் சடங்கில் எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. வைக்கோலைக் கொளுத்துவதற்கும் ஒரு மனிதனுக்கும் என்ன சம்பந்தம்? பகுத்தறிவுள்ள யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மழைக்காலத்தில் ஏரிக்கரை வழுக்கும். இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

அம்மா கத்தியை வைத்துவிட்டாள்.

"மழையே வரலியேடா."

"வரலாம்."

"தணிகை, இங்க பாரு. எனக்குத் தெரியும். சேதி சொல்ல அந்த ஹவில்தாரு வந்து பூட்ஸைக் கழட்டாம வாசல்லயே நின்னான் பாரு, அப்பவே தெரியும். நான் எந்த வண்டிக்கும் காத்துகினு இல்ல."

"அப்புறம் எதுக்கு இத்தனை வருஷம்?"

"உங்க அத்தைங்க அப்பவே ஏற்பாடு பண்ணாங்க. வைக்கோல்ல உருவம் கட்டி, வேட்டி சுத்தி, கரையில வச்சாங்க. நான் தலைமுழுவிட்டு ஈரத்தோட உக்காந்துட்டேன். நீ வந்து அதைத் தூக்கிகினு ஓடிட்ட. உன்னைவிட ஒசரம் அது. கரும்புக் கொல்லைக்குள்ள பூந்துட்ட. ஊரே தேடுச்சு. பொழுது சாயறப்ப புடிச்சாங்க. கட்டிப் புடிச்சிகினு தூங்கிகினு இருந்த. உன் பள்ளிக்கூடத்துச் சட்டையைக் கழட்டி அதுக்கு மாட்டியிருந்த. ஏன்டான்னா, அங்க குளுருதாம் நைனாவுக்குன்ன."

கொத்தவரங்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதுக்கப்புறம் அதை எவன் கொளுத்துவான்? உங்க மாமாவே அவுத்து மாட்டுக்குப் போட்டுட்டாரு. இவன் கொஞ்சம் பெரியவன் ஆவட்டும்னு சொன்னேன். நீ ஆவவே இல்ல."

இது எனக்கு ஞாபகம் இல்லை. எட்டு வயதில் நடந்தது ஞாபகம் இருக்க வேண்டும். அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. இது இல்லை. ஆகவே நடக்கவில்லை. அம்மா எதையோ சொல்லி என்னை மடக்கப் பார்க்கிறாள்.

சாப்பிடவில்லை.

ஜூலை 29, திங்கள்

தனபாக்கியம் அத்தை வீட்டுக்குப் போனேன். நைனாவுக்கு அக்கா. நேராகக் கேட்டேன்.

"அந்தச் சட்டைப் பட்டனை உன் கையில இருந்து பிரிக்க முடியல. இறுக்கிப் புடிச்சிகினு இருந்த" என்றாள். "கூடப் பொறந்தவன்டா. வாய் விட்டு ஒரு நாள் அழலையே நானு. உங்கம்மா அழக் கூடாதுன்னுட்டா. பையன் பாக்கறான், பையன் பாக்கறான்னு. இருபது வருஷமா உன் எதுக்க யாரும் அந்தப் பேச்சை எடுக்கறதில்ல. உனக்குத் தெரியாதா?"

தெரியாது.

ஆகஸ்ட் 1, வியாழன்

எட்டாவது பலகை ஒட்டியாயிற்று. வெடிப்பு இல்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மாமா இரண்டு கட்டு வைக்கோல் கொண்டுவந்து போட்டார். உருவத்தை வழக்கமாகக் கட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். நானே கட்டுகிறேன் என்றேன். ஏனோதானோ என்று கட்டிவிட்டுப் போவார்கள்.

பிரச்சினை, அளவு. எத்தனை அடி? எனக்கு நைனாவின் உயரம் தெரியாது. நிமிர்ந்து பார்த்த ஞாபகம் மட்டும் இருக்கிறது, அதை வைத்து அளவு போட முடியாது. சுபேதாரிடம் கேட்டேன். பட்டாளத்துப் பதிவில் இருக்கும், எழுதிக் கேட்டு வாங்கலாம் என்றார். போட்டோக்கள் எல்லாம் மார்பளவு. சட்டையை வைத்துத் தோள் அகலம் எடுத்தேன். மடித்துத் தைத்த பேன்ட்டில் கால் நீளம் வந்தது. இரண்டையும் சேர்த்தால் உயரம் வரவில்லை.

அம்மா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டேப்போடு போய் நின்றேன். என்ன என்றாள். உயரம் என்றேன்.

கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டாள். பிறகு கிணற்றுச் சுவர் ஓரமாக வந்து நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, நெற்றியில் கையை வைத்தாள்.

"என் நெத்தி அவரு தோள்ல இடிக்கும். இங்க" என்று கையை அப்படியே நேராக நீட்டினாள். "இது தோளு. இதுக்கு மேல கழுத்து, தலை. கழுத்து கொஞ்சம் குட்டை."

தரையிலிருந்து அவள் உள்ளங்கை வரை டேப்பைப் பிடித்தேன். கை ஆடவில்லை. நான்தான் இரண்டு முறை தப்பாகப் படித்தேன். கழுத்தும் தலையும் சேர்த்தால் மொத்தம் ஐந்தடி ஏழு அங்குலம். நான் ஐந்தடி ஐந்து.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

விடிந்ததும் பங்காளி வீட்டுப் பெண்கள் தட்டோடு வந்துவிட்டார்கள். கூடத்தில் பாய் விரிக்கச் சொன்னார்கள். அம்மா குளித்துவிட்டு அறையிலிருந்து வந்தாள். மெரூன் புடவை. நெற்றியில் பொட்டு. கழுத்தில் ஒன்றுமில்லை.

"ஆச்சு" என்றாள். "நானே கழட்டிட்டேன். எல்லாரும் காபி சாப்ட்டுட்டுக் கரைக்குக் கெளம்புங்க."

"என்னாடி அலமேலு இது, மொறைன்னு ஒன்னு இல்ல?" என்றாள் ஒரு கிழவி. "பொட்டு?"

"பொட்டு நான் நடை பழகறதுக்கு முன்னாடில இருந்து இருக்குது. அது அவரோட வரல."

கிழவி என்னைப் பார்த்தாள். காபி ஆறுகிறது என்றேன். சைட்டில் அதட்டுகிற தொனியில் சொன்னேன். கிழவி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

மொட்டை அடித்தார்கள். மழை வரவில்லை.

வேட்டி சுற்றி முடித்ததும் தூக்கச் சொன்னார்கள். தோள் பக்கம் மாமா, கால் பக்கம் இன்னொருவர் வந்தார்கள். வேண்டாம் என்று நான் மட்டும் இரண்டு கையில் வாங்கினேன். ஐந்தடி ஏழு அங்குலம். எடையே இல்லை. இவ்வளவு நீளத்துக்கு எடை இல்லாத ஒன்றை நான் இதுவரை தூக்கியதில்லை. இது தெரிந்திருந்தால் உள்ளே கல்லாவது வைத்துக் கட்டியிருப்பேன்.

அத்தை வாய் விட்டு அழுதாள். கரை முழுக்கக் கேட்டது.

காய்ந்த வைக்கோல். சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தயாளன் பொறுக்கவில்லை. பீடத்தின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பலகை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டான். கீழ்ப்படியின் ஓரத்தில், நாய் படுக்கிற உயரத்தில் வைக்கச் சொன்னேன். வைத்தார்கள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இம்தியாஸ் பாய் மெஷினோடு வந்தார். ரப்பர் ஸ்டென்சிலைக் கல்லில் ஒட்டி, எழுத்தின் இடத்தை மட்டும் கத்தியால் உரித்து, மணலைக் காற்றோடு அடிப்பது. மணல் படுகிற இடம் குழியும். ஏழு பெயர் மத்தியானத்துக்குள் முடிந்தது. ஒரு முகத்தில் யாழ்ப்பாணம் என்று ஊர் பெயரைப் போடுவதா வேண்டாமா என்று சங்கத்துக்குள் ஒரு வாக்குவாதம். அந்த வீட்டுக்காரர்களே வந்து, "அங்கதான போனாரு, போடுங்க" என்றார்கள். போட்டோம்.

எட்டாவதுக்கு மட்டமும் தூக்கும் நானே பார்த்தேன். ஸ்டென்சிலை மூன்று முறை பிரித்து ஒட்டினேன்.

"சார், இது மூணாவது ஷீட்டு" என்றார் பாய். "கோணல் இல்ல சார். அல்லா சத்தியமா இல்ல."

"எனக்குத் தெரியுது."

"எங்க வாப்பா பேரை நான்தான் வெட்டினேன். அன்னிக்கு எனக்கும் தெரிஞ்சிகினே இருந்துச்சு" என்றார். "தள்ளுங்க. கண்ணாடி போட்டுக்குங்க, மணலு தெறிக்கும்."

தள்ளி நின்றேன். அடித்தார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மெருகு. படிகளுக்குக் கொத்திய கல், வழுக்காது. துப்பாக்கி தலைகீழாக நிற்கிறது. ஹெல்மெட் இப்போதும் கொஞ்சம் அண்டா மாதிரிதான் இருக்கிறது. நேரமில்லை, விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

திறப்பு விழா. பேச்சாளர்கள் பேசினார்கள். ஒருவர் எண்கோணம் எட்டுத் திசையைக் குறிக்கிறது என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. அது செத்துப் போனவர்களின் எண்ணிக்கை.

கூட்டம் கலைந்தபிறகு அம்மா படியேறி வந்து தூணைச் சுற்றினாள். எல்லாப் பெயரையும் படித்தாள். ஏரிப் பக்கம் வந்ததும் முந்தானையால் கல்லைத் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"கொஞ்சம் கோணையா இருக்குதோ?"

"இல்லம்மா. மட்டம் வச்சுப் பாத்தது."

"இருந்தாலும் இருக்கட்டும். அவரும் நேரா நிக்க மாட்டாரு. ஒரு கால்ல சாஞ்சிகினுதான் நிப்பாரு."

அத்தையோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்றேன். மைக்செட்காரன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வந்தான். கணியம்பாடிப் பக்கத்துப் பையன், ஊருக்குப் புதிது. என் மொட்டைத் தலையைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான்.

"இதுல யாராச்சும் உங்களுக்குச் சொந்தமா சார்?"

"எங்க நைனா" என்றேன். "செத்துட்டாரு."

சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. அவன் ஒயரைக் கீழே வைத்துவிட்டான்.

"அடடா. எப்ப சார்?"

கல்லிலேயே வருஷம் வெட்டியிருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, ஒயரைத் தூணில் உரசாமல் எடுக்கத் தெரியாதா, விளிம்பு பேர்ந்தால் உன் அப்பனா வந்து ஒட்டுவான் என்று அவனைத் திட்டினேன். ரொம்ப நேரம் திட்டினேன். பாவம், குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.